பிலோமினா என்றொரு பெயர்

புழல் ஏரிப் பக்கத்திலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வரையுள்ள பங்குகளில் மறைந்தோரின் பெயர்கள் வாசிக்கப்படும்போது 'பிலோமினா' என்பது காதில் விழாமற் போவதில்லை. சிறுமியரிடத்திலோ அப்பெயர் அருகிவிட்டது. "என் பெயர்கொண்ட புனிதையே இல்லை என்றாகிவிட்டதாமே?" என்று புழலில் ஒரு மூதாட்டி நம்மிடம் கலங்கிக் கேட்டார்.

1802 மே மாதம், உரோமையில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு புதைகுழி திறக்கப்பட்டது. அதை மூடியிருந்த மூன்று சுட்ட ஓடுகளில் 'லுமேனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி' என்னும் எழுத்துகள் காணப்பட்டன. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்துப் படித்தால், 'உனக்குச் சமாதானம், ஃபிலுமேனா' என்று பொருள் வரும். உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் இருந்தன. அவை 1805-இல் இத்தாலியின் முஞ்ஞானோ ஊருக்குச் சென்றன. 1835-இல் பவுலின் ஜாரிக்கோ அங்கே நலம்பெற்றார். 1837-இல் பதினாறாம் கிரகோரியார் பொதுவழிபாட்டுக்கு இசைவளித்தார். ஆர்ஸ் பங்குக்குரு வியான்னி அடிகளாரின் பக்தி அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. 1926-இல் மைசூர் அரண்மனைச் செயலாளர் தம்பு செட்டியாரின் முயற்சியால் புனிதையின் திருப்பண்டம் நம் அண்டை மாநிலத்துக்கே வந்தது. 1933-இல் அங்குப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

'ஒளியின் மகள்' என்று பலரும் பொருள் சொல்லுவர். கேட்க இனிமைதான், ஆயினும் அது இலத்தீன் ஒலியைக் கொண்டு பிரித்த பொருள். கிரேக்க மூலத்தில் இப்பெயருக்கு 'அன்பு செய்யப்பட்டவள்' என்பதே பொருள். நம்மவர் வாயிலோ அது பிலோமினம்மாள் ஆயிற்று, பிலோமி ஆயிற்று. சில வீடுகளில் வெறும் மீனாவாகவும் ஆயிற்று!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் மருக்கி, அவ்வோடுகள் முந்தைய கல்லறை ஒன்றிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தப்பட்டவை என்று வாதிட்டார். 1961-இல் திருச்சபை அவரது விழாவை வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து நீக்கியது. ஆகஸ்ட் 11 இன்று புனித கிளாராவின் நாள். திருமுழுக்கில் புனிதர் பெயரை வலியுறுத்திய 1917-ஆம் ஆண்டுச் சட்டமும் 1983-இல் தளர்ந்தது; கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாகாத எந்தப் பெயரும் போதும் என்றாயிற்று.

மூதாட்டிக்கு நாம் சொன்னது இதுதான்: நீக்கப்பட்டது விழா, தனிப்பட்ட செபத்தை யாரும் தடுக்கவில்லை. மருக்கி சொன்னது சரியென்றே கொண்டாலும், பிலோமினா என்றொருத்தி உரோமையில் வாழ்ந்தாள். அவளை அடக்கம் செய்தோர் அவள் பெயரைச் சமாதானத்தோடு சேர்த்தெழுதினர். அவ்வரியைத் தமிழில் படித்துக் காட்டினோம். தம் பெயர் வந்ததும், இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.