ஒரே கடல் வழி, மூன்று பெயர்கள்: இராமேசுவரம் தீவு



இடப்பெயர்வு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் உடனே ஆண்டுகளை வரிசையாக எழுதிடுவாங்க. இம்முறை ஒரு தீவை எடுத்துப் பாருங்கள். இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தச் சின்னக் கடலைக் கடந்தவர்களுக்கு அரசுகள் மூன்று பெயர் வைத்தன.

முதல் பெயர் தொழிலாளி. மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பல் ஏறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கோ தீவின் எதிர்க்கரையிலுள்ள மண்டபம் முகாம். அங்கே நோய்த்தொற்றுச் சோதனைக்காகத் தங்க வைத்த பிறகே அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல்.

இரண்டாவது பெயர் தாயகம் திரும்பியோர். 1948க்குப் பிறகு இலங்கை மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. திரும்பியவர்கள் அதே மண்டபம் முகாமுக்குத்தான் வந்தார்கள். பலருக்கு அது பார்த்தே இராத தாயகம்!

மூன்றாவது பெயர் அகதி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மக்கள் படகுகளில் வரத் தொடங்கினார்கள். சிலரைப் படகோட்டிகள் மணல் திட்டிலேயே இறக்கிவிட்டுப் போனதும் உண்டு. மண்டபம் இப்போது அகதி முகாம் ஆனது.

கவனிச்சீங்களா? கடல் ஒன்று, முகாம் ஒன்று, மொழியும் ஒன்று. மாறியது கையிலிருந்த தாள் மட்டுமே. ஆனால் அந்தத் தாள்தான் வாழ்க்கையைத் தீர்மானித்தது. ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அகதியாக வந்தவருக்கு அது கிடைக்கவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் குடியுரிமையின்றி நின்றார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் மலேசியாவும் இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக் கொள்ளட்டும்.

தீவின் மீனவர்களுக்கு இந்தக் கோடு தினசரிச் சிக்கல். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. மீன் கோடு பார்த்து நீந்துவதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபடுவதும், படகை இழப்பதும் இன்றும் நடக்கின்றன. ஆனாலும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையாரும் வந்து சேர்கிறார்கள்.

மாணவர்களே, ஒப்பந்தத்தின் ஆண்டை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது யாருக்கு என்ன பெயர் வைத்தது, அந்தப் பெயரால் அவர் எதைப் பெற்றார், எதை இழந்தார் என்று ஒரு பத்தி சேருங்கள். அதுதான் காரணமும் விளைவும்.