வீட்டின் மூச்சை அளக்கும் கருவி

ஒரு தம்ளர் நீரில் உறிஞ்சுகுழலை வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். குழலினுள் நீர் 5 மில்லிமீட்டர் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். நாக்கில் ஒரு துளியும் பட்டிராது. ஆயினும் நீங்கள் உண்டாக்கிய அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 50 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை சிறிய அழுத்தத்தை அளந்து என்ன பயன் என்று கேட்கிறீர்களா? குளிர்நாடுகளில் வீட்டின் எரிபொருட் செலவும், சில வேளைகளில் வீட்டாரின் உயிரும் இதைப் பொறுத்திருக்கின்றன.

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதை 1643இல் இத்தாலியரான டாரிசெல்லி பாதரசக் குழாயால் காட்டினார். மலைமேல் ஏறினால் அவ்வழுத்தம் குறையும் என்பதை 1648இல் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே மெய்ப்பித்தார். 1971இல் அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கலின் பெயரே சூட்டப்பட்டது.

1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது, வீட்டைச் சூடாக்கும் செலவு குளிர்நாட்டு மக்களை வாட்டியது. சூடான காற்று எவ்வழியே தப்புகிறது? 1977 அளவில் சுவீடனில் ஒரு ஜன்னலில் விசிறியைப் பொருத்திச் சோதித்தனர். 1979இல் புளோம்ஸ்டெர்பெர்க் என்பவர் இம்முறையை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்றார். அங்கே விசிறி வாசற்கதவுக்கு இடம் மாறியது. கதவு, ஜன்னல் இடுக்குகளே குற்றவாளிகள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. சுவர்களுக்குள்ளும், புகைபோக்கியைச் சுற்றியும் மறைந்திருந்த வழிகளில் காற்று மேற்கூரைக்குள் ஏறிக்கொண்டிருந்தது!

சோதனை எளியது. விசிறி காற்றை வெளியே தள்ள, வீட்டினுள் அழுத்தம் 50 பாஸ்கல் குறைகிறது. அந்நிலை மாறாதிருக்க விசிறி வெளியேற்றும் காற்றின் அளவே, இடுக்குகளின் வழியே உள்ளே புகும் காற்றின் அளவு. 300 கன மீட்டர் கொள்ளளவுள்ள வீட்டில் மணிக்கு 600 கன மீட்டர் காற்று வெளியேறினால், மணிக்கு இருமுறை வீட்டுக்காற்று முழுதும் மாறுகிறது எனலாம்.

விசிறி தள்ளும் காற்றின் அளவையும் அழுத்தமானிதான் கூறுகிறது என்பதைக் கவனியுங்கள். விசிறியின் வாயிலில் உண்டாகும் அழுத்த வேறுபாட்டிலிருந்து அதைக் கணக்கிடுகின்றனர். காற்றோட்டம் இரு மடங்கானால் அவ்வழுத்தம் நான்கு மடங்காகும்.

ஆகவே மானி துல்லியமாக இருத்தல் வேண்டும். யூ வடிவ நீர்க்குழாயில் 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர்தான். குழாயைச் சாய்த்து வைத்து அளவை நீட்டிப் பார்த்தனர். பின்னர் வட்ட முகப்பும் முள்ளும் உடைய மானிகள் வந்தன. ஆனால் வெளியே காற்று வீசினால் முள் ஆடும். ஆடும் முள்ளில் எந்த எண்ணைக் குறிப்பது?

விடை சிலிக்கானில் இருந்தது. சிலிக்கானை அழுத்தினால் அதன் மின்தடை பெரிதும் மாறுவதை 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித் அறிவித்தார். மெல்லிய சிலிக்கான் சவ்வு அழுத்தத்தால் வளைய, மின்தடை மாறி, எண்ணாகத் திரையில் தோன்றுகிறது. இத்தகைய எண்முறை மானி, காற்றால் அலையும் அளவுகளைச் சில விநாடிகளுக்குச் சராசரி எடுத்துத் தருகிறது. வீட்டழுத்தத்தையும் விசிறி அழுத்தத்தையும் ஒருசேரக் காட்டுகிறது.

இடுக்குகளை அடைத்துவிட்டால் போதுமா? போதாது. இறுக்கமான வீட்டில் சமையலறை விசிறி சுழன்றால் உள்ளழுத்தம் ஒரு சில பாஸ்கல் குறையக்கூடும். அது போதும், வெந்நீர்க் கொதிகலனின் புகை, புகைபோக்கியில் மேலேறாமல் வீட்டுக்குள் திரும்ப! அப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆதலால், அடைத்து முடித்தபின் விசிறிகளை ஓடவிட்டு, அந்தச் சில பாஸ்கல்களையும் அளந்து பார்க்கின்றனர். புதுக்காற்று வரவும் தனியே வழி செய்கின்றனர்.

அடுத்த முறை உறிஞ்சுகுழலை வாயில் வைக்கும்போது எண்ணிப் பாருங்கள். குழலில் நீர் அரை மில்லிமீட்டர் ஏறினால் அது 5 பாஸ்கல். கண்ணுக்குப் புலப்படாத அந்த அளவுதான் ஒரு வீட்டில் புகை மேலே போகுமா, உள்ளே வருமா என்று தீர்மானிக்கிறது.