ஆய்க்குடியில் மூளை நலப் பயிற்சி: ஒரு வரலாறு

மூளை நலச் சமத்துவம் என்பது, ஒருவர் பிறந்த ஊரும் வருமானமும் பாலினமும் கல்வியும் அவருடைய மூளையின் வளர்ச்சியையும் முதுமையில் அதன் செயல்திறனையும் தீர்மானித்துவிடும் நிலையை மாற்றி, தேவை மிகுந்தவருக்கு மிகுந்த உதவி சென்றடையச் செய்யும் கொள்கையாகும். மருத்துவர்களால் மட்டும் இதனை நிறைவேற்ற இயலாது என்னும் தெளிவிலிருந்து, பல துறையினருக்கு ஒருங்கே பயிற்சியளித்து, அவரவர் ஊரில் முன்னின்று செயலாற்றும் திறனை அவர்களிடம் வளர்க்கும் முயற்சி தோன்றியது. தென்காசி வட்டாரத்தில் இம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைச் சார்ந்தே அமைந்துள்ளது. சங்கம் தன் பணியை மறுவாழ்வு என்றே குறிப்பிட்டு வந்தாலும், அதன் பெரும்பகுதி குழந்தைகளின் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையதாகும்.

மனநலம் குன்றியோரைத் தென்காசியை அடுத்த குற்றாலத்துக்கு அழைத்துச் சென்று அருவியில் நீராட்டினால் தெளிவு பிறக்கும் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால், உள்ளம் கலங்கியவருக்கும் சிகிச்சை உண்டு, அவரைக் கைவிடலாகாது என்னும் எண்ணம் அந்த நம்பிக்கையின் உள்ளே இருந்ததையும், பிற சிகிச்சை எட்டாத தொலைவில் இருந்ததையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல்தான் தொடங்கப்பட்டது. தென்காசியிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றி, சுற்றிய எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறும் பெண்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், கழுத்து நிற்காத குழந்தையை வாரந்தோறும் நகரத்துக்குத் தூக்கிச் செல்வது ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். பல குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதற்கு அக்கறையின்மையைக் காரணமாகக் கூறுவது நேர்மையன்று.

சங்கத்தை நிறுவியவர் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்த அவர், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒரு சில குழந்தைகளுக்கான சிறு பள்ளியாக அது உருவெடுத்தது. தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்தவரும் பட்டயக் கணக்காளருமான எஸ். சங்கரராமன் 1990களின் தொடக்கத்தில் இணைந்த பின் நிருவாகமும் நிதியும் வலுப்பெற்றன. இராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பொறியியல் பயின்ற ஒருவரும் கணக்குத் துறை சார்ந்த ஒருவரும், இருவருமே உடற்குறையோடு வாழ்ந்தபடி, இத்தகைய அமைப்பை வழிநடத்தியது, மருத்துவப் பட்டம் இல்லாதோரும் இத்துறையில் தலைமை ஏற்க இயலும் என்பதற்குப் போதிய சான்றாகும்.

1978ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா மாநாட்டுக்குப் பின் உலக நலவாழ்வு நிறுவனம் முன்வைத்த சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்னும் முறை, அதாவது நிறுவனத்துக்கு நோயாளியை வரவழைக்காமல் ஊருக்கே பயிற்சியைக் கொண்டு செல்லும் முறை, ஆய்க்குடியில் நன்கு வேரூன்றியது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் இயற்றப்பட்டபின் சிறப்பாசிரியர் முதலியோருக்கான படிப்புகளுக்கு நாடு முழுவதும் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. ஆயினும் ஆய்க்குடியின் தனிச்சிறப்பு, பட்டம் பெற்ற வல்லுநர்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையே சமூக மறுவாழ்வுப் பணியாளர் என்னும் நிலையை உருவாக்கியதில் உள்ளது.

பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான காலத்தில் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து உடனே பயிற்சி தொடங்குவது ஆரம்பநிலை இடையீடு எனப்படும். மனித மூளை ஐந்து வயதுக்குள் முதிர்ந்த மூளையின் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுவதாலும், இளமூளை பயிற்சிக்கேற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் மிகுந்ததாக இருப்பதாலும், இக்காலத்தில் இழக்கும் ஒவ்வொரு மாதமும் ஈடுசெய்யக் கடினமானது. மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை உள்ள குழந்தைகளின் வீட்டுக்குப் பணியாளர் நேரில் செல்கிறார். உடல் அசைவைப் பழக்கும் இயன்முறை மருத்துவம், உண்ணுதல் உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய நான்கு துறை வல்லுநர்களும் அவருக்கு வழிகாட்டுகின்றனர். அவர் கற்றதைத் தாய்க்குக் கற்பிக்க, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் தாய் அதனைத் தொடர்கிறார். கனடாவில் உள்ள ஹேண்டி-கேர் இன்டர்நேஷனல் அமைப்பின் துணையோடு உருவான ‘எனேபிளிங் இன்குளூஷன்’ என்னும் செயலி, குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து, தொலைவிலிருக்கும் வல்லுநர் அதனைக் கண்டு திருத்தம் சொல்ல வழிசெய்தது. தாயின் மனச்சுமையையும் கவனத்தில் கொள்வது இத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறு எனலாம். சோர்ந்துபோன தாயிடம் மேலும் ஒரு பயிற்சிப் பட்டியலைக் கொடுப்பதால் குழந்தைக்குப் பயனில்லை.

உலக அளவில் இதே எண்ணம் வேறொரு வழியில் உருப்பெற்றது. அட்லாண்டிக் பிலான்த்ரபீஸ் என்னும் அறக்கட்டளையின் ஏறத்தாழ 17 கோடியே 70 லட்சம் டாலர் கொடையால், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் 2015இல் உலக மூளை நல நிறுவனம் தொடங்கப்பட்டது. மருத்துவர்களோடு கலைஞர், இதழாளர், பொருளியலாளர், சட்டத்துறையினர் ஆகியோரும் அங்குப் புலமைநல்கை பெற்று ஒன்றாகப் பயில்கின்றனர்; மறதிநோயே அதன் முதன்மைக் கவனமாகும். அங்குப் பயில்வோர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பிப் பணியாற்ற வேண்டியவர்களாக இருக்க, ஆய்க்குடிப் பணியாளரோ தாம் வாழும் ஊரிலேயே பயின்று அங்கேயே பணிபுரிகிறார். இருவகைப் பயிற்சியும் ஒன்றற்கொன்று தேவைப்படுவன என்றாலும், நிதியும் புகழும் முதல்வகைக்கே மிகுதியாகக் கிடைப்பது வருந்தத்தக்கது.

அரசின் பங்கு பின்னர் விரிவடைந்தது. பிறப்புக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறியும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதால், மாவட்ட அளவிலான அலுவலகங்களும் அருகில் வந்தன. உலக வங்கி 2022இல் கடன் ஒப்புதல் அளித்த தமிழ்நாடு உரிமைகள் திட்டம், வட்டார அளவில் ஒருங்கிணைந்த சேவை மையங்களை அமைப்பதை நோக்கமாகக் கொண்டது.

முதியோரின் மூளை நலத்தில் பணி இன்னும் மிகுதியாக எஞ்சியுள்ளது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது; ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடச் சிற்றூர்களிலும் அது மிகுதி. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கென அமைந்த சோதனைகள், பள்ளி செல்லாத மூதாட்டியை நோயாளியெனத் தவறாகக் காட்டக்கூடும். 1998இல் கொச்சியில் தோன்றிய ‘10/66’ ஆய்வுக்குழு, சென்னையும் வேலூரும் உட்படப் பல இடங்களில் பணியாற்றி, கல்வியின்மையால் முடிவு பிறழாத கண்டறியும் முறையை வகுத்தது. வளரும் நாடுகளில் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அங்கு நடந்த நிலையை அக்குழுவின் பெயர் குறிக்கிறது. மருத்துவரல்லாத களப்பணியாளரும் பயிற்சி பெற்று அம்முறையைக் கையாளலாம் என்பதால், குழந்தைக்காக வீடு தேடிச் செல்லும் பணியாளரே அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் அம்முறையின் கேள்விகளையும் கேட்க இயலும்.