உறங்கும் குழந்தையும் தாயின் வேண்டுகோளும்: பாலர் பள்ளித் தொழில்நெறி உருவான வரலாறு

ஆசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாகவே ஆராய்ந்து வந்துள்ளது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். ஆசிரியராகத் தகாதவர்க்குக் கழற்குடத்தையும் முடத்தெங்கையும் உவமை காட்டினார். நூலை யாருக்கு உரைக்கலாம் என்பதையும் வரையறுத்தார்: தன் மகன், தன் ஆசானின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபடுபவன், உரைத்ததை விரைந்து கொள்பவன். அழுதுகொண்டே பள்ளி வாயிலில் இறக்கிவிடப்படும் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வரிசையில் இடமில்லை. இதனை முனிவரின் குறையெனக் கொள்ளலாகாது. அவர் மனத்தில் இருந்தவர்கள் இலக்கணம் கற்க விரும்பி வந்த மாணாக்கர்கள்.

விரும்பி வராத அந்தக் குழந்தையிடம் ஆசிரியருக்கு உள்ள கடமையை எழுத்தில் வடித்த முயற்சிகளுள் விரிவாக அறியத்தக்கது, ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததாகும். அங்குள்ள இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கம் தனக்கென ஒரு நெறிமுறை வேண்டுமென 1976இல் தீர்மானித்தது. அடுத்த ஆண்டுகளில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிலியன் கேட்ஸ் அதற்கான அடிப்படையை விளக்கினார். ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்கே உரிய சபலங்கள் உண்டு. அவற்றை எதிர்கொள்ளத் துணை நிற்பதே தொழில்நெறி என்பது அவர் கருத்து. பாலர் பள்ளியில் இது கடுமையாவதற்கு அவர் காட்டிய காரணங்களுள் இரண்டு இன்றியமையாதவை. முதலாவது, ஆற்றல் வேறுபாடு. மருத்துவர் மேல் நோயாளி முறையிடலாம். நான்கு வயதுக் குழந்தையோ தனக்கு நேர்ந்ததைச் சொல்லவும் சொற்களைத் தேட வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்னும் குழப்பம். குழந்தை, பெற்றோர், பள்ளியை நடத்துவோர், சமூகம் ஆகிய அனைவரும் அவரிடம் உரிமை கோருகின்றனர்.

இக்குழப்பத்தை ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ஃபீனியும் மெய்யியலாளர் கென்னத் கிப்னிஸும் 1980களின் நடுவில் ஆசிரியர்கள் முன் வைத்தனர். கொடுமை, புறக்கணிப்பு போன்ற பெருங்குற்றங்களோடு அன்றாடச் சிக்கல்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. நான்கு வயது மகனை நண்பகலில் உறங்கவிட வேண்டாம் என ஒரு தாய் வேண்டுகிறார். பகலில் உறங்கினால் அவன் இரவு பத்து மணி வரை விழித்திருக்கிறான். தாயோ வேலைக்குச் செல்ல விடியற்காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். ஆனால் ஒரு மணி நேர உறக்கமின்றிப் பிற்பகலில் அச்சிறுவனால் இயல்பாக இருக்க இயலவில்லை. தாய் கேட்பதும் நியாயம். குழந்தைக்கு வேண்டியதும் நியாயம். நல்லதற்கும் தீயதற்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சட்டம் போதும். இரு நியாயங்கள் மோதும்போதுதான் தொழில்நெறி தேவைப்படுகிறது.

1989இல் ஏற்கப்பட்ட நெறிமுறை, குழந்தைகள், குடும்பங்கள், உடன் பணியாற்றுவோர், சமூகம் என நான்கு பிரிவுகளாக அமைந்தது. குழந்தைகளுக்குத் தீங்கு இழைக்கலாகாது என்னும் விதி ஏனைய அனைத்து விதிகளுக்கும் முற்பட்டது என அது அறிவித்தது.

தீங்கு என்பது யாது? மொழியியலாளனாகிய எனக்கு இவ்வரலாற்றில் முதன்மையாகத் தோன்றும் வினா இதுவே. 1991இல் லில்லி வோங் ஃபில்மோர், ஆங்கிலம் பேசாத ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஸ்பானியம், கொரியம், வியட்நாமியம் முதலிய மொழிகளைப் பேசிய அக்குடும்பங்களில், ஆங்கிலவழிப் பாலர் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலர் வீட்டிலும் இல்லமொழியைக் கைவிட்டனர். ஸ்பானிய மொழியிலேயே நடந்த பாலர் பள்ளிகளுக்குச் சென்றோரிடம் அவ்விழப்பு குறைவாக இருந்தது. பிள்ளைக்குப் புத்தி சொல்லவும் ஆறுதல் கூறவும் பெற்றோருக்கு மொழியில்லாமற் போயிற்று. அப்பள்ளிகளில் எவரும் குழந்தையை அடிக்கவில்லை, அன்பாகவே நடத்தியிருக்கலாம். எனினும், ஒரு குடும்பத்தின் உரையாடலே அறுந்துபோனதைத் தீங்கு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சங்கம் 1995இல் மொழி, பண்பாட்டுப் பன்மை குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. 2005இல் திருத்தப்பட்ட நெறிமுறை, குழந்தைக்குத் தெரிந்த மொழியில் அனுபவங்களை வழங்குவதையும், ஆங்கிலம் கற்கையிலேயே இல்லமொழியைப் பேணத் துணைநிற்பதையும் ஆசிரியரின் இலட்சியங்களுள் சேர்த்தது. அதுவரை கற்பித்தல் முறை பற்றிய விவாதமாக இருந்த இல்லமொழி, அவ்வாறு அறம் பற்றிய கேள்வியாயிற்று. என் கணிப்பில் அந்த நெறிமுறையின் வரலாற்றில் இதுவே பெரிய அடி.

இங்குள்ள ஆசிரியர்களுக்கு இது அயலார் கதையன்று. தொடக்கப்பள்ளியில் சேரும் முன் ஆங்கிலம் வந்துவிட வேண்டுமென்று, "பிள்ளையிடம் தமிழில் பேசாதீர்கள், ஐயா" எனப் பெற்றோரே கேட்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. குடும்பத்தின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதும் நெறி. குழந்தையின் மொழியைப் பேண வேண்டும் என்பதும் நெறி. நண்பகல் உறக்கத்தை அரை மணியாகக் குறைத்துத் தாயோடு ஓர் உடன்பாட்டுக்கு வரலாம். மொழியை அவ்வாறு பாதியாக்க இயலுமா என்பதை ஆசிரியர் அந்தப் பெற்றோரோடு அமர்ந்து, பாட்டியையும் உடன் வைத்துக்கொண்டு, பேசியே காண வேண்டியிருக்கும்.