சங்குமுகத்துக் கடல்கன்னியும் ஈஞ்சம்பாக்கத்துக் கல்லுருவங்களும்

திருவனந்தபுரத்தின் கரமனைத் தமிழர்களுக்குச் சங்குமுகம் என்றால் முதலில் ஆறாட்டு, சுவாமியின் கடல் நீராட்டு. பைங்குனி, அல்பசி விழாக்களின் முடிவில் பத்மநாபசுவாமி எழுந்தருளும் அந்தக் கடற்கரையில்தான் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் கடல்கன்னியான சாகரகன்யகையும் கிடக்கிறாள். 1990களின் தொடக்கத்தில் கான்கிரீட்டில் முடிந்த உருவம். நீளம் ஏறத்தாழ 87 அடி. சற்று வடக்கே வேளியில், காயல் கடலைத் தொடும் பொழியை ஒட்டி, அவருடைய பெரிய சங்கும் வேறு சில வடிவங்களும் இருக்கின்றன. இவற்றுக்கு இணை வைத்துப் பார்க்கத் தக்கது சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் திறந்தவெளிச் சிற்பத் தோட்டம்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. சோழமண்டலத்தை 1966இல் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அதே கல்லூரியில் அவரிடம் பயின்று, பிறகு லண்டன் ஸ்லேட் பள்ளிக்கும் போய்வந்தவர் கானாயி. ஆனால் ஒரே பட்டறையிலிருந்து வந்த இந்த இரண்டு வழிகளும் இயற்கையை நடத்தும் விதம் வேறு.

சோழமண்டலத்தில் மரநிழலில், செடிகளுக்கு நடுவே, கருங்கல்லும் உலோகமும் தனித்தனிப் படைப்புகளாக நிற்கின்றன. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் செம்பு, பித்தளை வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து எழுப்பிய அவை முன்பக்கம் பார்த்துப் படிக்க வேண்டியவை. பின்னால் போனால் சொல்ல அதிகமில்லை. உற்சவ மூர்த்தியை நாம் சுற்றிவந்தா கும்பிடுகிறோம்? மரமும் வானமும் அவற்றுக்குப் பின்திரை. நாளைக்கே பெயர்த்து ஒரு கூடத்துக்குள் வைத்தாலும் பெரிதாக எதுவும் குறையாது.

சாகரகன்யகையை அப்படிப் பெயர்க்க முடியாது. அந்தி வெயில் சாய்கிற திசையை நோக்கி அவள் மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். மேற்கு வானம், மணல், அலைச்சத்தம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த உடல் முழுமை பெறும். பக்கத்தில் நின்றால் தோளின் ஒரு வளைவு மட்டுமே கண்ணில் அடங்கும். முழு உருவத்தையும் பிடிக்கப் பல அடி விலகி நடக்க வேண்டும். அந்த நடைக்கான வெற்றிடமும் சிற்பி செய்ததுதான் என்பேன். கலையாக எடைபோட்டால் என் மனம் சங்குமுகத்தின் பக்கமே சாய்கிறது.

காப்பாற்றுவதில் கதை தலைகீழ். சோழமண்டலக் கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்றுச் சேர்த்த காசில் நிலம் வாங்கினார்கள். மண் அவர்களுடையது, எது எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் முடிவு. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் கட்டடமாக மாறிய பிறகும் வேலிக்குள்ளே சிற்பங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது.

சங்குமுகமும் வேளியும் அரசு நிலம். 2020இல் சாகரகன்யகைக்குப் பக்கத்தில், பணிக்காலம் முடிந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். அதே ஆண்டில் வேளியில் சூரிய மின்சக்தியில் ஓடும் சிறுவர் ரயில் வந்தது. கானாயி வெளிப்படையாக எதிர்த்தார். 2022இல் கேரள அரசு அறிவித்த கேரளஸ்ரீ விருதை, தம் சிற்பங்கள் சீரழிக்கப்பட்டதைச் சொல்லி அவர் ஏற்க மறுத்தார். குழந்தைகளுக்கு ரயில் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதை ஓட்டக் கேரளத்தில் வேறு இடமே இல்லையா என்பதுதான் கேள்வி. கடலரிப்பில் சங்குமுகம் மணலைப் பெருமளவு இழந்தது, கரைச்சாலையும் இடிந்தது. அது கடலின் வேலை. ஹெலிகாப்டர் மனிதர் கொண்டுவந்து வைத்தது.

இங்கிலாந்தில் 1977 முதல் இயங்கும் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் ஹென்றி மூரின் வெண்கலங்களுக்கு நடுவே ஆடுகள் மேய்கின்றன. மேய்ச்சல் நிலமும் காட்சியின் பகுதி என்று அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நம் பக்கம் சிற்பம் என்றால் பீடத்துக்கு மேல் இருப்பது மட்டும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. சிலையைச் சுற்றியிருக்கும் காலியிடம் அதிகாரிகளுக்கு வீணாகக் கிடக்கும் மனையாகவே படுகிறது.

இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோழமண்டலத்துக்குப் போகிறவர் கலை பார்க்கவென்றே கிளம்பிப் போகிறவர். சங்குமுகத்தில் கப்பலண்டி என்னும் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வரும் குடும்பம், மீன்காரர், கோவிலுக்கு வந்த பாட்டி எல்லோரும் ஒரு நவீனச் சிற்பத்தின் முன்னால் இயல்பாக வந்து நிற்கிறார்கள். வேலி போட்டால் அது போய்விடும். ஆகவே சோழமண்டலத்தின் வழியை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். சுற்றுலாத் துறையிடம் கேட்பது இவ்வளவுதான்: கானாயியின் ஒவ்வொரு சிற்பத்தைச் சுற்றியும் எதுவும் கட்டக்கூடாத எல்லை ஒன்றை எழுத்தில் வரையுங்கள். அந்த எல்லையைச் சிற்பியைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.