சுயித் ஃபிரான்சேஸ்

பிரெஞ்சு எழுத்தாளர் இரேன் நெமிரோவ்ஸ்கியின் முற்றுப்பெறாத நாவல். ஆசிரியர் வதைமுகாமில் மாண்டு 62 ஆண்டுகள் கழித்து, 2004இல் அச்சேறியது.

நெமிரோவ்ஸ்கி 1903இல் கீவ் நகரில் யூத வங்கியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பம் பின்லாந்து, சுவீடன் வழியாக 1919இல் பிரான்ஸ் வந்தடைந்தது. ‘தாவீத் கோல்தேர்’ (1929) நாவல் அவருக்குப் புகழ் தேடித்தந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை நெருங்கவே பாரிஸ் மக்கள் கிடைத்த வண்டியில், வண்டி இல்லாதவர் கால்நடையாக, தெற்கே ஓடினர். அந்த ஓட்டமே நாவலின் முதல் பகுதி. பணக்காரக் குடும்பமும் வங்கி ஊழியர்களும் ஒரே சாலையில் தத்தளிக்கிறார்கள். யார் எவருக்குக் கைகொடுத்தார், யார் விட்டுவிட்டு ஓடினார் என்பதை நெமிரோவ்ஸ்கி தயவின்றிப் பதிவுசெய்கிறார். இரண்டாம் பகுதி, ஜெர்மானியப் படைவீரர்கள் வீடுகளில் தங்கவைக்கப்பட்ட ஒரு கிராமத்தின் கதை. திட்டமிட்ட ஐந்து பகுதிகளில் இவை இரண்டே முடிந்தன.

பர்கண்டியின் இஸி-லேவெக் கிராமத்தில், காகிதத் தட்டுப்பாட்டால் பொடி எழுத்தில் எழுதிவந்தவரை 1942 ஜூலை 13 அன்று கைதுசெய்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்களே. ஆகஸ்ட் 17 அன்று ஆஷ்விட்ஸில் இறந்தார், வயது 39. கணவர் மிஷேல் எப்ஸ்டீனும் அவ்வாண்டே அங்கு கொல்லப்பட்டார். மகள்கள் தெனீஸும் எலிசபெத்தும் ஒளிந்து பிழைத்தனர். போகுமிடமெல்லாம் அம்மாவின் பெட்டியையும் எடுத்துச் சென்றனர். அதிலிருந்த நோட்டு அம்மாவின் நாட்குறிப்பு என்றெண்ணி, படித்தால் தாங்கமுடியாது என்று தெனீஸ் பல பத்தாண்டுகள் அதைத் தொடவில்லை. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து வரிவரியாகப் படியெடுத்தபோதுதான் அது நாவலெனத் தெரிந்தது.

தெனோயேல் பதிப்பகம் வெளியிட்ட அந்நூலுக்கு 2004ஆம் ஆண்டின் ரெனோதோ பரிசு கிடைத்தது. மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு அப்பரிசு வழங்கப்பட்டது அதுவே முதல்முறை.

பின்னிணைப்பையும் சேர்த்தே இந்நூலைப் படிக்கவேண்டும். அங்கே ஆசிரியரின் குறிப்புகளும், மனைவியை மீட்க அதிகாரிகளுக்கும் பதிப்பாளருக்கும் மிஷேல் எழுதிய கடிதங்களும் உள்ளன. ஆகஸ்ட் 17 தாண்டியும் அவர் மன்றாடிக்கொண்டே இருக்கிறார். நாவலின் காலம் ஒன்று, அதை எழுதிய கையின் காலம் வேறொன்று; இரண்டும் ஒரே அட்டைக்குள் ஓடுகின்றன.

நூல் புகழ்பெற்ற பின் பழைய விமர்சனம் ஒன்றும் வலுத்தது: முந்தைய நாவல்களில் யூதர்களை இழிவாகச் சித்திரித்தார், யூத வெறுப்பைப் பரப்பிய ‘கிரங்குவார்’ இதழில் எழுதினார் என்று. இக்குற்றச்சாட்டு ஆதாரமற்றதல்ல. ஆனால், அதைக் கொண்டு இந்த நாவலை ஒதுக்குவது நியாயமாகாது.