குரங்கணியிலிருந்து மதுரை வரை: தீக்காயச் சிகிச்சையில் குழு என்பது எது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இடுக்கி எல்லையை ஒட்டிய கொழுக்குமலையிலிருந்து போடிப் பக்கம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். ஒன்பது பேர் மலையிலேயே மாண்டனர். அடுத்தடுத்த வாரங்களில் மருத்துவமனைகளில் நேர்ந்த சாவுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அனுமதி தந்தது யார், அழைத்துச் சென்றது யார் என்ற கேள்விகள் அன்று நிறையவே எழுந்தன. சிகிச்சையின் அமைப்பைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தீக்காயச் சிகிச்சை கூட்டுப்பணி என்பதை மருத்துவ உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தக் கூட்டை ஒரு வார்டின் சுவர்களுக்குள்ளேயே தேடுகிறோம். மலையடிவாரத்தில் முதல் ஊசி குத்தும் கையிலிருந்து மாநகர மருத்துவமனையில் தோல் ஒட்டும் கைவரை எல்லாம் ஒரே குழு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான காரணம் உடலியலிலேயே இருக்கிறது. உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால், இரத்த நாளங்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிந்து, சில மணி நேரத்தில் இரத்த ஓட்டமே தளர்ந்துபோகும். ஈடுகட்ட வேண்டிய அளவைக் கணிக்க, டல்லஸ் நகரின் பார்க்லாண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி ரிங்கர் லாக்டேட் என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 சதவீதம் வெந்திருந்தால், 24 மணி நேரத்தில் 12 லிட்டர்; அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் வார்டில் சேர்த்ததிலிருந்து தொடங்குவதல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது. குரங்கணியில் காயமடைந்தவர்களை உள்ளூர் மக்களும் மீட்புப் பணியாளர்களும் இருட்டில் டோலி கட்டித் தூக்கி இறக்கினர். அந்த நேரமெல்லாம் இந்தக் கணக்கில் கழிந்துகொண்டேதான் இருந்தது. போடி, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை என ஒவ்வொரு படியிலும் நோயாளியைப் புதிதாகப் பார்ப்பவர் இரண்டு விவரங்களை அறிந்தாக வேண்டும்: தீப்பட்டது எத்தனை மணிக்கு, இதுவரை ஏறியது எத்தனை லிட்டர். இவை தெரியாமல் கணக்கை முதலிலிருந்து போட்டால், குறைந்தால் சிறுநீரகம் கெடும், மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். பூப்பாறைத் தோட்டத்தில் வெந்தவர் போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், பாலக்காட்டில் வெந்தவர் வாளையார் தாண்டிக் கோவைக்கும் வருவது வழக்கம். எல்லை தாண்டும்போது 108 கட்டுப்பாட்டு அறை மாறும், பேசும் மொழியும் மாறும். மணியும் லிட்டரும் குறித்த ஒற்றைத் தாள் மட்டும் இரு பக்கமும் புரியும்.

வார்டுக்குள் வந்தபின் அந்தத் தாளை உயிரோடு வைத்திருப்பவர் செவிலியர். சூத்திரம் தருவது தொடக்க அளவுதான். அதன்பின் மணிக்கு மணி சிறுநீர்ப் பையில் சேர்வதைப் பார்த்தே சொட்டின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி சிறுநீர் வர வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பையில் 15 மில்லிதான் இருக்கிறது என்று கண்ட செவிலியர், டூட்டி டாக்டர் எழுந்துவரும்வரை காத்திருப்பது முறையா? முன்பே வகுத்த எல்லைக்குள் வேகத்தை அவரே மாற்றும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். மயக்க மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவியலர் ஆகியோருக்கும் இது பொருந்தும். புகை இழுத்த தொண்டை வீங்கி அடைக்குமுன் குழாய் செருகும் முடிவை யாரோ ஒருவர் துணிந்து சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் முடிவெடுத்தால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகும் என்பது மூத்த மருத்துவர்கள் எழுப்பும் மறுப்பு. நியாயமான அச்சம்தான். ஆனால் தலைமை ஒருவரிடம் இருப்பதும், வாய்திறக்கும் உரிமை அனைவரிடமும் இருப்பதும் முரண்பட்டவை அல்ல. அறுவை அரங்கில் குழுவினர் நின்று பேசிச் சரிபார்க்கும் உலக சுகாதார நிறுவனப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்ச்சான்றையும் மறைக்கக்கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியல் கட்டாயமானபோது குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை என்றது 2014 ஆய்வு. தாளை நிரப்புவதும் தாளை வைத்துப் பேசுவதும் வேறுவேறு என்றே இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன். ஆள் பற்றாக்குறையில் இதற்கு நேரமேது என்பது இன்னொரு மறுப்பு. ஆள் குறைந்த இடத்தில்தான் ஒருவர் செய்ததை மற்றவர் மீண்டும் செய்ய நேர்வது பெரிய இழப்பு.

எண்பது, தொண்ணூறு சதவீதம் வெந்தவரை எந்தக் குழுவும் காப்பாற்றாது என்பதே கடினமான மறுப்பு. பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பிழைக்கமாட்டார் என்ற முடிவையும் கூடித்தான் எடுக்க வேண்டும். ஒரு மருத்துவர் நம்பிக்கை சொல்லி, அடுத்த ஷிப்டில் இன்னொருவர் கைவிரித்தால் குடும்பம் நிலைகுலையும். வலிக்கு மார்ஃபின் போதுமா என்று பார்ப்பதும், உறவினரிடம் அவர்கள் மொழியில் பேசுவதும் அப்போது சிகிச்சையே. நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென 2008இலேயே மாநிலக் கொள்கை வகுத்த கேரளத்தில், அப்பணியில் பழகிய செவிலியர்கள் ஊராட்சி தோறும் இருக்கிறார்கள். தேனியும் இடுக்கியும், கோவையும் பாலக்காடும் பரிந்துரைத் தாளை ஒன்றாக வகுக்கும்போது, அந்த அனுபவத்துக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கலாம்.